ஆக்டினுக்குப் பூட்டுப் போடும் மரபணு

1937 ஆம் ஆண்டு மியூனிக் நகரக் குழந்தை மருத்துவர் ஆல்ஃபிரட் விஸ்காட் ஒரு ஜெர்மன் மருத்துவ இதழில் மூன்று சகோதரர்களின் நோய் வரலாற்றை வெளியிட்டார். மூவருக்கும் பிறந்ததிலிருந்தே இரத்தத் தட்டணுக்கள் குறைவு. மலத்தோடு இரத்தம் போனது; தோலில் கரப்பான் படர்ந்தது; காதில் திரும்பத் திரும்பச் சீழ் வடிந்தது. ஒருவரும் குழந்தைப் பருவத்தைத் தாண்டவில்லை. அவர்களுடைய சகோதரிகளுக்கோ எந்தக் குறையும் இருக்கவில்லை. தட்டணுக் குறைவால் இரத்தம் கசியும் நிலையை அக்காலத்தில் 'வெர்ல்ஹாஃப் நோய்' என்று அழைத்தார்கள். விஸ்காட் தம் கட்டுரைக்கு 'குடும்பவழி வரும், பிறவியிலேயே அமைந்த வெர்ல்ஹாஃப் நோயா?' என்ற பொருளில் தலைப்பிட்டார். தலைப்பின் இறுதியில் அவர் இட்ட கேள்விக்குறிதான் அந்தக் கட்டுரையின் உயிர். பார்ப்பதற்கு அந்த நோயைப் போலவே இருந்தாலும் இது வேறு என்று அவர் ஐயுற்றார். அவருடைய ஐயம் சரியாகவே இருந்தது.

அதே கேள்வி இன்றும் குழந்தை மருத்துவர்கள் முன் வந்து நிற்கிறது. டெங்கு பரவும் மாதங்களில் தட்டணு எண்ணிக்கை வீட்டுப் பேச்சாகிவிட்ட நம் ஊரில், ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை இலட்சத்திலிருந்து நாலரை இலட்சம் வரை இருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அதே பரிசோதனை அறிக்கையில் சற்றுக் கீழே 'எம்.பி.வி.' என்றொரு வரி இருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அது ஒரு தட்டணுவின் சராசரிப் பருமன். உடலே தன் தட்டணுக்களை அழித்துக்கொள்ளும் வழக்கமான நோயில், இழப்பை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை இளம் தட்டணுக்களை அவசரமாக வெளியே தள்ளும். அவை வழக்கத்தைவிடப் பெரியவையாக இருக்கும். விஸ்காட் கண்ட நோயில் நேர்மாறாக, எண்ணிக்கையும் குறைவு, பருமனும் ஏறத்தாழப் பாதி. சிக்கல் என்னவென்றால், எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டால் கருவி பல வேளைகளில் எம்.பி.வி. வரியை வெறுமையாகவே விட்டுவிடும். அப்போது கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தத்தைத் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும். சிவப்பணுக்களுக்கு நடுவே தூசி படிந்ததுபோல் சிறு புள்ளிகள் தெரிந்தால், நோயாளி ஆண் குழந்தையுமாக இருந்தால், எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவைச் சந்தேகிக்க வேண்டும். அதன் பெயர் வாஸ். அது உருவாக்கும் புரதம் வாஸ்ப்.

எக்ஸ் குரோமோசோம் என்ற தடயத்தைத் தந்தவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ராபர்ட் ஆல்ட்ரிச். 1954 இல் அவரும் இரு சக ஆய்வாளர்களும் டச்சு வம்சாவளிக் குடும்பம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து, நோய் தாய்வழியாக ஆண் குழந்தைகளை மட்டும் தாக்குவதைக் காட்டினார்கள். இருவர் பெயரும் சேர்ந்து விஸ்காட்-ஆல்ட்ரிச் கூட்டறிகுறி என்று நோய்க்குப் பெயர் நிலைத்தது. ஆனால் கரப்பான், இரத்தக் கசிவு, தொற்று ஆகிய மூன்றையும் எந்த ஒற்றைக் குறை ஒரே குழந்தையிடம் கொண்டுவந்து சேர்க்கிறது என்பது இன்னும் நாற்பது ஆண்டுகளுக்குப் பிடிபடவில்லை.

இடையில் ஒரு தவறான தடமும் இருந்தது. 1980களில் இந்நோயாளிகளின் டி செல்களை, அதாவது நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகையை, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், இயல்பான டி செல்லின் மேற்பரப்பில் அடர்ந்திருக்கும் நுண்விரல்கள் இங்கே அருகி, செல் வழுக்கையாகக் கிடப்பதைக் கண்டார்கள். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சயலோஃபோரின் என்ற புரதமும் குறைந்திருந்தது. ஆகவே அந்தப் புரதத்தின் மரபணுதான் பழுது என்று ஒரு காலம் நம்பப்பட்டது. அந்த மரபணு 16 ஆம் குரோமோசோமில் இருப்பது தெரிய வந்ததும் நம்பிக்கை கலைந்தது. தாய்வழி வரும் நோய்க்கு எக்ஸ் குரோமோசோமைத் தவிர வேறிடத்தில் காரணம் தேட முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், உண்மையான விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த வழுக்கை மேற்பரப்புதான். நுண்விரல்களை உள்ளிருந்து தாங்கி நிற்பவை ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள். படம் சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிசகியது.

1994 இல் ஜோனத்தன் டெர்ரி, ஹான்ஸ் ஆக்ஸ், ஊட்டா ஃபிராங்க் ஆகியோர் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். எக்ஸ் குரோமோசோமின் குட்டைக் கையில், நடுக்கணுவுக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 9,000 எழுத்து நீளத்தில், புரதத்துக்கான செய்தியைத் தாங்கும் 12 துண்டுகளாக, அதாவது எக்ஸான்களாக, பிரிந்து கிடக்கும் சிறிய மரபணு அது. அதன் புரதம் 502 அமினோ அமிலங்கள் கொண்டது. பிற்பாடு 2006 இல், விஸ்காட் விவரித்த அதே குடும்பத்தின் உறவினர் ஒருவரின் மரபணுவை ஆராய்ந்தபோது, முதல் எக்ஸானில் இரண்டே எழுத்துகள் விடுபட்டிருப்பது தெரிந்தது. மரபணு மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவதால், இரண்டு விடுபட்டால் அதற்கப்பால் உள்ளதெல்லாம் பிழையாகவே படிக்கப்படும். உருப்படியான புரதம் எதுவும் உருவாகாது. மூன்று குழந்தைகளின் உயிரைப் பறித்தவை அந்த இரண்டு எழுத்துகள்.

இந்தப் புரதம் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் ஆக்டினைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1942 இல் ஹங்கேரியின் செகெட் நகரில், ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வகத்தில், புரூனோ ஷ்ட்ராப் தசையிலிருந்து பிரித்தெடுத்த புரதம் இது. தசையில் மட்டுமன்று, கருவுள்ள நம் செல்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. தனி மூலக்கூறாக இருக்கும்போது அது ஓர் உருண்டை. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் 7 நானோமீட்டர் தடிப்புள்ள முறுக்கிய இழை. ஆக்டின் முதலான இழைகளின் அமைப்பைச் 'செல்லின் எலும்புக்கூடு' என்று பாடநூல்கள் சொல்கின்றன. அந்த உவமை எனக்கு அவ்வளவாக உவப்பில்லை, ஏனெனில் எலும்பு நிலைத்திருப்பது. ஆக்டின் சட்டகமோ கட்டட வேலையில் கட்டும் சாரத்தைப் போன்றது. சுவர் எழும் பக்கம் கம்பு நட்டுக் கயிறு முடிவார்கள். அங்கே வேலை முடிந்ததும் அவிழ்த்து அதே கம்புகளை அடுத்த பக்கம் கொண்டுபோவார்கள். நோய்க்கிருமியைத் துரத்தும் வெள்ளையணு தன் முன்விளிம்பில் இழைகளைக் கட்டிக்கொண்டும் பின்னால் அவிழ்த்துக்கொண்டுமே நகர்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு: இங்கே கட்டுவதும் அவிழ்ப்பதும் சில நொடிகளில் நடந்து முடிகின்றன.

கம்புகள் கைவசம் குவிந்து கிடந்தால் மட்டும் சாரம் எழுந்துவிடாது. செல்லுக்குள் ஆக்டின் உருண்டைகளுக்குப் பஞ்சமே இல்லை, ஆனாலும் அவை தாமாக இழையாவது அரிது. இரண்டு உருண்டைகள் ஒட்டினாலும் உடனே பிரிந்துவிடுகின்றன; மூன்றாவது வந்து சேர்ந்த பின்புதான் கட்டு ஓரளவு நிலைக்கிறது. போதாததற்கு, உருண்டைகளைத் தன்னிச்சையாகக் கூடவிடாமல் பிடித்து வைத்திருக்கும் புரதங்களும் செல்லில் உண்டு. ஆகவே தொடக்கத்தை யாராவது அமைத்துத் தர வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஆர்ப்2/3 என்ற ஏழு புரதங்களின் கூட்டு. 1994 இல் லாரா மச்செஸ்கியும் தாமஸ் பொல்லார்டும் அகாந்தமீபா என்ற அமீபாவில் அதைக் கண்டறிந்தார்கள். ஏழில் இரண்டு உறுப்புகள் வடிவத்தில் ஆக்டினையே ஒத்தவை. ஏற்கெனவே இருக்கும் இழையின் பக்கவாட்டில் ஆர்ப்2/3 உட்கார்ந்ததும், அந்த இரண்டும் புது இழையின் முதல் இரு மணிகள்போல் அமைந்துவிடுகின்றன. அங்கிருந்து சுமார் 70 பாகைக் கோணத்தில் ஒரு கிளை வளர்கிறது, கிளையின் மேல் இன்னொரு கிளை, அதன் மேல் மற்றொன்று. வெள்ளையணுவின் முன்விளிம்பில் புதர்போல் அடர்ந்திருக்கும் இழைவலை இப்படித்தான் எழுகிறது. ஆனால் ஆர்ப்2/3 தானாக ஏறக்குறையச் செயலற்றது. அதைத் தட்டி எழுப்புபவற்றுள் ஒன்று வாஸ்ப்.

வாஸ்ப் புரதத்தின் வால்முனையில்தான் கட்டும் திறன் இருக்கிறது. வாலின் ஒரு பகுதி ஆக்டின் உருண்டையைப் பிடிக்கும்; அதை அடுத்த பகுதிகள் ஆர்ப்2/3 கூட்டைப் பிடிக்கும். இரண்டையும் அருகருகே கொண்டுவந்து பொருத்துவதே அதன் தொழில். இந்த வாலை மட்டும் தனியாக வெட்டியெடுத்துச் சோதனைக் குழாயில் ஆக்டினோடும் ஆர்ப்2/3 கூட்டோடும் கலந்தால், இழைகள் தங்குதடையின்றிப் பெருகும். முழுப் புரதத்தைக் கலந்தால் அப்படி நடப்பதில்லை. மைக்கேல் ரோசன் குழுவினர் 2000 இல் வெளியிட்ட கட்டமைப்பு ஆய்வு இதற்கான காரணத்தை அணு அளவில் காட்டியது. புரதம் மடிந்து, வாலின் ஒரு சுருளைத் தன் நடுப்பகுதியிலேயே கவ்விக்கொள்கிறது. வால் சிக்கிக் கிடக்கும் வரை ஆர்ப்2/3 கூட்டைத் தொட அதனால் முடியாது. செல்லின் மேற்பரப்பில் ஒரு செய்தி வந்ததும், சிடிசி42 என்ற சிறிய புரதம் விழிப்பு நிலைக்கு வந்து அதே நடுப்பகுதியில் வந்து ஒட்டும். செல்சவ்வின் உட்புறத்தில் உள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறும் கைகொடுக்கும். இரண்டும் சேர்ந்து கவ்வைத் தளர்த்த, வால் விடுபடுகிறது. பூட்டும் அந்தப் புரதத்திலேயே இருக்கிறது, பூட்டப்பட்டதும் அதே புரதம்தான். சாவி மட்டும் வெளியிலிருந்து வருகிறது.

இந்த ஏற்பாட்டின் அருமை கிருமிகளுக்கும் தெரிந்திருக்கிறது. இரத்த பேதியை உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியா, குடற்செல்லுக்குள் நுழைந்ததும் வாஸ்பின் நெருங்கிய உறவுப் புரதமான என்-வாஸ்பைத் தன் உடலின் ஒரு முனைக்கு இழுத்து, கள்ளச்சாவி போட்டுத் திறந்துவிடும். பின்னால் ஆக்டின் இழைகள் வாணத்தின் வால்போல் நீள, பாக்டீரியா அடுத்த செல்லுக்குள் பாய்கிறது. லிஸ்டீரியா அந்தச் சிரமத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. வாஸ்பின் வாலுக்கு ஈடான, பூட்டே இல்லாத ஒரு புரதத்தைத் தானே செய்து வைத்திருக்கிறது.

என்-வாஸ்ப் நம் உடலின் பெரும்பாலான செல்களில் உண்டு. அதன் மரபணு 7 ஆம் குரோமோசோமில் இருக்கிறது. வாஸ்ப் இரத்த மரபுச் செல்களில் மட்டுமே உருவாவது. என்-வாஸ்ப் அறவே இல்லாத எலிகள் கருவிலேயே இறக்கின்றன. வாஸ்ப் இல்லாத எலிகள் பிறந்து வளர்கின்றன. வாஸ்ப் இல்லாத குழந்தைக்கு மூளை, இதயம், தசை எல்லாம் நன்றாகவே அமைந்து, இரத்தத்திலும் நோயெதிர்ப்பிலும் மட்டும் குறை வருவதன் காரணம் இதுதான்.

வாஸ் மரபணுவில் ஏற்படும் பழுதுகள் ஒரே நோயைத் தருவதில்லை. புரதம் முற்றிலும் உருவாகாதபோது விஸ்காட் கண்ட முழு நோய் வருகிறது. முன்பகுதியில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறி, புரதம் குறைந்த அளவிலாவது செல்லில் தங்கினால், பெரும்பாலும் தட்டணுக் குறைவோடு நோய் நின்றுவிடுகிறது. கரப்பானும் தொற்றும் இலேசாக இருக்கும், அல்லது இராமலே போகும். அந்த முன்பகுதியை விப் என்ற துணைப் புரதம் அணைத்துக்கொண்டிருக்கிறது. அந்த அணைப்பு இல்லையென்றால் செல்லின் கழிவு நீக்க இயந்திரம் வாஸ்பைச் சிதைத்துவிடும். எனவே முன்பகுதிச் சடுதிமாற்றங்களில் பல வாஸ்பின் வேலைத்திறனைக் கெடுப்பதைவிட அதன் ஆயுளைக் குறைப்பவை.

என் பார்வையில் இந்த மரபணுவின் வரலாற்றில் மிகவும் தெளிவூட்டும் அத்தியாயம் மூன்றாவது நோய். 2001 இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் ஒரு குடும்பத்து ஆண்களை விவரித்தார்கள். அவர்களுக்குத் தட்டணுக் குறைவு இல்லை, கரப்பான் இல்லை. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் மட்டும் மிகக் குறைவாக இருந்தன. வாஸ்ப் புரதத்தில் 270 ஆவது அமினோ அமிலமான லியூசின் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் இருந்தது. அந்த இடம் வாலைக் கவ்வும் நடுப்பகுதியில் இருக்கிறது. புரோலின் சுருள்களின் வடிவைக் கலைக்கும் இயல்புடையது. கவ்வு நழுவி, வால் எப்போதும் வெளியே தொங்கியது. சாவியே தேவையில்லாமல் திறந்து கிடக்கும் பூட்டு. அங்கே ஆக்டின் இழைகள் வேண்டாத இடத்திலும் வேண்டாத வேளையிலும் எழுந்தன. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் நடுவே சாரம் கட்டிக்கிடந்தால் பிரிவு முறையாக நடவாது. மஜ்ஜையில் முதிர வேண்டிய செல்கள் அங்கேயே மடிகின்றன. சிலருக்கு நாளடைவில் மஜ்ஜைக் கோளாறும் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்களும் காணப்பட்டுள்ளன. கட்டும் திறன் இல்லாததும் நோய், கட்டிக்கொண்டே இருப்பதும் நோய்.

புரதம் இல்லாத நிலையில் ஒவ்வொரு இரத்தச் செல்லும் தன் தொழிலுக்கேற்பத் தடுமாறுகிறது. டி செல் ஒன்று தனக்குக் கிருமியின் அடையாளத்தைக் காட்டும் செல்லோடு முகத்தோடு முகம் ஒட்டி நிற்க வேண்டும்; அந்த ஒட்டும் பரப்பை அமைப்பதும் நிலைநிறுத்துவதும் ஆக்டின். வாஸ்ப் இல்லாவிட்டால் தொடர்பு சரியாக நிலைப்பதில்லை, செய்தி அரைகுறையாகவே உள்ளே போகிறது. பெருவிழுங்கணுக்கள் தரையில் ஊன்றிக்கொள்ளப் பயன்படுத்தும் 'போடோசோம்' என்ற ஆக்டின் பாதங்கள் இந்நோயாளிகளிடம் அறவே அமைவதில்லை. கிருமி இருக்கும் திசையை உணர்ந்தாலும் அங்கே போய்ச் சேர முடிவதில்லை. நோயெதிர்ப்பை அடக்கி வைக்கும் டி செல்களும் இதே குறையால் தளர்வதால், கிருமியை எதிர்க்க மாட்டாத அதே உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் முரணும் பலரிடம் தோன்றுகிறது. நிணநீர்ச் செல் புற்றுநோய்க்கான வாய்ப்பும் இவர்களுக்குக் கூடுதல். தட்டணுக்களைப் பொறுத்தவரை, உருவாகும்போதே சிறுத்துவிடுவதோடு மண்ணீரலும் அவற்றை விரைந்து அழிக்கிறது. மண்ணீரலை அகற்றினால் எண்ணிக்கை உயர்கிறது. ஆனால் ஏற்கெனவே நலிந்த நோயெதிர்ப்பு மேலும் நலிவதால் அந்த வழியை மருத்துவர்கள் தயங்கியே எடுக்கிறார்கள்.

குடும்ப வரலாறு கேட்கும்போது நம் மொழி ஒரு சிறிய வசதியைத் தருகிறது. சித்தப்பாவையும் தாய்மாமனையும் வெவ்வேறு சொற்களால் குறிப்பதால், 'குழந்தையின் தாய்மாமன்களில் யாராவது சிறு வயதிலேயே இறந்தார்களா' என்ற கேள்வியை ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். மகனுக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்து மட்டுமே வருவதால், விடை அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். இல்லையென்று பதில் வந்தாலும் நோய் இல்லையென்று ஆகிவிடாது. சடுதிமாற்றம் புதிதாகவும் தோன்றலாம். சொந்தத்தில் மணந்ததால் வந்த நோய் என்று பெற்றோர் தம்மையே குறை சொல்லிக்கொள்வதுண்டு. வாஸ் மரபணுவைப் பொறுத்தவரை அந்தக் குற்ற உணர்வுக்கு இடமில்லை, தந்தையின் எக்ஸ் மகனுக்குப் போவதே இல்லை. ஆனால் விப் புரதத்தின் மரபணுவோ ஆர்ப்2/3 கூட்டின் ஓர் உறுப்பான ஏ.ஆர்.பி.சி.1பி மரபணுவோ பழுதானாலும் ஏறக்குறைய இதே போன்ற நோய் வரும். அவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர வேண்டியவை, அங்கே நெருங்கிய உறவில் மணப்பது வாய்ப்பை உயர்த்தவே செய்யும்.

தாய்க்கு ஏன் நோய் வருவதில்லை என்பதற்கான விடை, மரபியலின் அழகான காட்சிகளில் ஒன்று. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று அணைக்கப்படுகிறது; எது அணைய வேண்டும் என்பது பொதுவாகக் குருட்டுத் தேர்வு. இந்தத் தாய்மாரின் இரத்தச் செல்களை மட்டும் பார்த்தால், ஏறக்குறைய எல்லாவற்றிலும் நல்ல எக்ஸ்தான் இயங்கிக்கொண்டிருக்கும். பழுதான எக்ஸைப் பயன்படுத்திய தண்டுச் செல்கள், அதாவது இரத்தச் செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்கள், தொடக்கத்திலேயே போட்டியில் பின்தங்கிவிடுகின்றன. இதற்கு இணையான ஒன்று நோயாளிகளிலும், ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம், காணப்படுகிறது: ஏதோ ஒரு செல்லில் பழுது தற்செயலாகத் திருந்திவிட, அதன் வழிவந்த டி செல்கள் மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகுகின்றன.

நலமான செல்லுக்கு இருக்கும் இந்த முன்னுரிமையை நம்பித்தான் சிகிச்சையும் அமைந்தது. 1968 இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரிட்ஸ் பாக் குழுவினர் இந்நோயுள்ள சிறுவனுக்குச் சகோதரியின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினார்கள்; டி செல்கள் தேறின, தட்டணுக்கள் தேறவில்லை. பழைய மஜ்ஜையை முதலில் அழித்துவிட்டுப் புதியதைச் செலுத்தினால் நோய் முழுமையாக நீங்கும் என்பதை 1978 இல் பாஸ்டன் மருத்துவர்கள் காட்டினார்கள். பொருந்தும் கொடையாளி கிடைத்தால் இன்றும் அதுவே முதல் வழி.

கிடைக்காதவர்களுக்காக மரபணுச் சிகிச்சை முயலப்பட்டது. 2006 முதல் ஜெர்மனியின் ஹானோவரில் பத்துக் குழந்தைகளின் தண்டுச் செல்களில், ரெட்ரோவைரஸ் ஒன்றின் துணையோடு வாஸ் மரபணுவை நுழைத்தார்கள். தொடக்கத்தில் பலன் வியக்கத்தக்கதாக இருந்தது: கரப்பான் மறைந்தது, தட்டணுக்கள் உயர்ந்தன. பின்னர் ஏழு பேருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. மரபணுவைச் சுமந்துபோன வைரஸ் கூடவே மரபணுக்களை இயக்கிவிடும் வலிமையான ஒரு விசையையும் கொண்டுபோயிருந்தது. அது போய் அமர்ந்த இடத்துக்கு அருகில் உறங்கிக்கிடந்த புற்றுநோய் மரபணுக்களை எழுப்பிவிட்டது. வாஸ்ப் புரதத்துக்குள் இருக்கும் பூட்டு பத்திரமாகவே இருந்தது. மரபணுவை எப்போது, எவ்வளவு இயக்குவது என்ற வெளிப்பூட்டைத்தான் எவரும் போடவில்லை.

அடுத்து இத்தாலியின் மிலானில் உருவாக்கிய முறையில், தன் விசை நீக்கப்பட்ட லென்டிவைரஸ் என்ற வேறு வகை வைரஸைப் பயன்படுத்தினார்கள். வாஸ் மரபணுவை இயக்கும் பொறுப்பை, அம்மரபணுவுக்கு முன்னால் இயற்கையாகவே இருக்கும் 1,600 எழுத்துகள் கொண்ட கட்டுப்பாட்டுப் பகுதியிடமே விட்டார்கள். முதல் மூன்று குழந்தைகளின் முடிவுகள் 2013 இல் வெளியாயின; இலண்டனிலும் பாரிசிலும் இதே வகைச் சிகிச்சை பெற்றவர்களின் முடிவுகள் 2015 இல் வந்தன. தொற்றுகள் குறைந்தன, கரப்பான் தணிந்தது, ஆபத்தான இரத்தக் கசிவு நின்றது. தட்டணு எண்ணிக்கை மட்டும் பலரிடம் உயர்ந்தும் இயல்பு அளவை எட்டவில்லை.